மூவாயிரம் ரூபாய் உள்ளாட்சிப் பயிற்சி: வகுப்பு சுமார், அதற்குப் பிறகு கிடைப்பதுதான் சரக்கு

உள்ளாட்சித் தேர்தலில் நிற்க நினைக்கும் பெண்களுக்கான தலைமைப் பயிற்சி ஒன்றை 2024-ல் முடித்தேன். திண்டுக்கல்லில், சனி ஞாயிறுகளில் நடந்தது. கட்டணம் 3,000 ரூபாய். மதியச் சாப்பாடும் பாடப் புத்தகமும் அதற்குள் அடக்கம். என் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, சேரலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நடத்தியது ஒரு தனியார் அறக்கட்டளை. பெயரைப் போடப் போவதில்லை. பாராட்டும் இருக்கிறது, திட்டும் இருக்கிறது. பெயரைப் போட்டால் அவர்களைப் பிடித்தவர்கள் ஒன்றையும் பிடிக்காதவர்கள் இன்னொன்றையும் மட்டும் படிப்பார்கள். தவிர, இது மாதிரிப் பயிற்சிகள் இப்போது பல ஊர்களில் நடக்கின்றன. நான் சொல்வதில் பாதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மதிப்பெண் முதலில் வேண்டுமென்றால்: வகுப்புகளுக்கு ஐந்துக்கு மூன்று. பழைய மாணவியர் குழுவுக்கு நாலு. அந்த நாலில் பெரும்பங்கு நடத்தியவர்களுக்குச் சேராது, குழுவில் இருக்கும் பெண்களுக்குத்தான் சேரும்.

நான் யார் என்று தெரிந்தால்தான் நான் சொல்வதை எடைபோட முடியும். ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் செய்வது, ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். ஊராட்சித் தலைவர்கள், செயலர்கள், கான்ட்ராக்டர்கள் எல்லோரும் என் கடைப் படியேறித்தான் எதிர்ப்பக்கம் போவார்கள். தலைவர் பெண்ணாக இருப்பார். காகிதத்தை நீட்டுவது வீட்டுக்காரராக இருப்பார். "மேடம் வண்டியில இருக்காங்க" என்பார். கையெழுத்துக்கு மட்டும் காகிதமும் பேனாவும் காருக்குள் போய்த் திரும்பும். 2016-ல் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆக்கினார்கள். அதற்குப் பிறகு வந்த தேர்தலில் தலைவிகள் கூடினார்கள். என் கடை வாசலில் நிற்கும் கார்களும் கூடின. நமக்கு இந்தக் காகிதமெல்லாம் ஏற்கெனவே பழக்கம்தானே, வார்டுக்கு நின்றால் என்ன என்று எனக்குத் தோன்றியது அப்படித்தான்.

தனியாரிடம் ஏன் போக வேண்டும், அரசே பயிற்சி தருகிறதே என்று கேட்கலாம். தருகிறது. மறைமலை நகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியிலும் வட்டார அளவில் ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பயிற்சிகள் ஜெயித்து வந்த பிரதிநிதிகளுக்கும் அலுவலர்களுக்கும்தான். ஜெயிக்கும் முன்னால் ஒரு பெண் எங்கே போய் வேட்புமனு நிரப்பக் கற்றுக்கொள்வது? கட்சிக்காரர்கள் பாசறை நடத்துகிறார்கள். போய் வந்தவர்களைக் கேட்டால் கட்சி வரலாறும் மேடைப் பேச்சும் நிறைய, வரவு செலவு இல்லை என்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் இந்த மாதிரி அறக்கட்டளைகள் கடை விரித்திருக்கின்றன. தப்பில்லை, தேவை இருக்கிறது.

வகுப்புகளில் சிறந்தது எது என்றால் யோசிக்காமல் சொல்வேன், ஓய்வுபெற்ற வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எடுத்தது. படம் காட்டவில்லை, கைதட்டச் சொல்லவில்லை. 1994-ம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, "இதுல 110-ம் பிரிவைப் படிச்சுட்டு வாங்க, மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றார். ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகள் அந்தப் பிரிவில் இருக்கின்றன: தெரு, விளக்கு, வாய்க்கால், குடிநீர், சுடுகாடு. "நிதி வந்தா பாக்கலாம்" என்று நம்மிடம் சொல்கிறார்களே, அந்த வேலைகள் எல்லாம் அங்கே கடமை என்று எழுதியிருக்கிறது. என் கடையில் இத்தனை வருஷம் மனு அடித்தும் அந்தப் பிரிவு எண்ணை ஒருவர்கூட மனுவில் போடச் சொன்னதில்லை. இப்போது நானே போட்டுவிடுகிறேன்.

செக் விஷயத்தையும் அவர்தான் போட்டு உடைத்தார். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி பெண்ணுக்கோ பட்டியல் சாதிக்கோ ஒதுக்கப்பட்ட ஊரில், அந்தப் பதவியைப் பிடிக்க முடியாதவர்கள் துணைத்தலைவர் நாற்காலியைப் பிடித்துவிடுவார்கள். அப்புறம் கையெழுத்துக்காகத் தலைவர் அவர் வீட்டு வாசலுக்கு நடக்க வேண்டும். "வார்டுக்குத்தானே நிக்கிறேன்னு சும்மா இருக்காதீங்க. ஜெயிச்ச மறுநாள் நீங்க போடுற ஓட்டுதான் அஞ்சு வருஷத்துக்குப் பூட்டு" என்றார். இந்த ஒரு வகுப்புக்கே மூவாயிரம் கொடுக்கலாம்.

205-ம் பிரிவையும் அவர் விடவில்லை. தலைவரை நீக்கும் நடவடிக்கை எப்படித் தொடங்கும், ஆட்சியர் என்ன கேட்பார், விளக்கத்தை எழுத்தில் எப்படித் தருவது, தாசில்தார் கூட்டும் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜெயிப்பதற்கு முன்னாலேயே நீக்கத்தைப் பற்றி எதற்கு என்று முன்வரிசையில் ஒரு தங்கச்சி கேட்டது. அவர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். எனக்குத் தெரியும் எதற்கென்று. அந்த நோட்டீசுகளுக்கும் என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுப்பார்கள்.

மாதிரித் தேர்தல் வகுப்பும் நன்றாக இருந்தது. கிராமத்து வாக்காளருக்கு நாலு ஓட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். அதே நிறங்களில் தாள் வெட்டி, பெட்டி வைத்து, எண்ணிக் காட்டினார்கள். வண்ணத்தாள் என் கடைச் சரக்கு, காசு உடனே கொடுத்துவிட்டார்கள். 2019 தேர்தல் கணக்குப்படி வார்டுக்கு டெபாசிட் 200 ரூபாய், தலைவருக்கு 600. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. செலவு வரம்பு வார்டுக்கு 9,000, தலைவருக்கு 34,000. இந்த 34,000-ஐச் சொன்னதும் அறை முழுக்கச் சிரிப்பு. ஒரு தெருவுக்குக்கூடக் காணாது என்று பின்னாலிருந்து ஒரு குரல். பதவியை ஏலம் விட்ட ஊர்களின் கதைகளும் வந்து விழுந்தன. காசு இல்லாத பெண் எப்படி நிற்பது என்ற கேள்விக்கு மட்டும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. "மக்கள் சேவை பண்ணினா மக்கள் ஓட்டுப் போடுவாங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர். இதைச் சொல்ல ஒரு பயிற்சி வேண்டாம்.

இனி மட்டமான பகுதி. ஆளுமை மேம்பாடு என்று ஒருவர் வந்தார். நிமிர்ந்து நில்லுங்கள், கண்ணாடி முன் பேசிப் பழகுங்கள், வெற்றி உங்கள் மனதில் இருக்கிறது. மகளிர் குழுவில் பத்து வருஷம் பேங்க் மேனேஜரோடு மல்லுக்கட்டிய பெண்களுக்குப் பேசச் சொல்லித் தருகிறார்! இருந்ததிலேயே நீளமான வகுப்பும் அதுதான், அதிகப் புகைப்படம் எடுத்ததும் அதற்குத்தான். அந்த நேரத்தை இன்னொரு கணக்கு வகுப்புக்குக் கொடுத்திருக்கலாம். ஊராட்சியின் வங்கிக் கணக்கு எண் 1-ல் என்ன வரும், மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் எந்தக் கணக்கிலிருந்து போகும், திட்ட நிதி எங்கே நிற்கும் என்பதை மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அரைமணியில் ஓட்டிவிட்டார்கள்.

பாடப் புத்தகத்தைப் பற்றி நான் பேசாமல் இருந்தால் தொழிலுக்குத் துரோகம். ஜெராக்ஸின் ஜெராக்ஸ். சட்டப் பிரிவுகளின் எண்களே அழிந்திருந்தன. தாள் மெல்லிசு, ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கம் தெரியும். ஸ்பைரல் இரண்டாம் வாரமே கழன்றுவிட்டது. என்னோடு சேர்ந்து படித்த எங்கள் அணியில் பலருக்கு நானே மறுபடி பைண்டிங் போட்டுக் கொடுத்தேன், அடக்க விலைக்கு.

நல்லதும் சொல்ல வேண்டும். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஒரு பக்க அறையை ஒதுக்கி, பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை அமர்த்தியிருந்தார்கள். அது இல்லாவிட்டால் அணியில் பாதிப் பேர் பாதியிலேயே நின்றிருப்பார்கள். கடைசி பஸ்ஸைக் கணக்கில் வைத்து சாயங்காலம் சரியான நேரத்துக்கு விட்டுவிடுவார்கள். சாம்பார் சாதம் சுமார், ஊறுகாய் நன்று. யார் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. கட்சிக்கு ஆள் பிடிக்க வந்த ஒருவரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

மேலவளவுப் பயணத்தை எந்தப் பக்கம் சேர்ப்பதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து அழைத்துப் போனார்கள். மேலூருக்கும் நத்தத்துக்கும் இடையில் இருக்கும் ஊர், எங்களுக்குத் தூரமில்லை. 1996 உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும் வழியில், அந்த ஒதுக்கீட்டை எதிர்த்த ஆதிக்க சாதியினரால் வெட்டிக் கொல்லப்பட்டார்; அவரோடு வந்தவர்களில் சிலரும் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் அதே மாதிரி எதிர்ப்பால் பத்து வருஷம் முறையாகத் தேர்தல் நடத்தவே முடியாமல், 2006-ல்தான் தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உதயச்சந்திரன் மதுரை ஆட்சியராக இருந்தபோது. இதையெல்லாம் நினைவிடத்தில் வைத்து எங்களுக்குச் சொன்னார்கள்.

அழைத்துப் போனது சரி. ஆனால் திரும்பும்போது வேனில் ஒரு அக்கா, "பழசை எதுக்குக் கிளறணும், இப்ப எல்லாரும் ஒண்ணாத்தானே இருக்கோம்" என்றார். பின் சீட்டிலிருந்து இன்னொரு பெண், "எங்க ஊருல டீக்கடைக்கு வந்து பாருங்கக்கா" என்றார். அதோடு வேனில் சத்தம். ஒருங்கிணைப்பாளர் என்ன செய்தார் தெரியுமா, பாட்டுப் போட்டார். மறுவாரம் வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாளைக்கு இந்தப் பெண்கள் ஒரே ஊராட்சி மன்றத்தில் எதிரெதிரே உட்காரப் போகிறார்கள். அவ்வளவு தூரம் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு, பேச வேண்டிய இடத்தில் பாட்டுப் போட்டால் எப்படி? முதலில் பேசிய அந்த அக்கா பயிற்சி முடிந்ததும் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

நிறைவு விழா வழக்கம் போல. பொன்னாடை, சான்றிதழ், முக்கிய விருந்தினர், தாமதம்.

சரி, இதற்குப் பிறகுதான் விஷயமே. எங்கள் மாவட்டம் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஒன்று. அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. அதையொட்டித் தேர்தல் வந்துவிடும் என்று நம்பித்தான் எங்கள் அணியில் எல்லோரும் சேர்ந்தோம். வரவில்லை. தலைவர்கள் இறங்கினார்கள், தேர்தல் வரும்வரை ஊராட்சியை நடத்தத் தனி அலுவலர்கள் என்று அரசு அதிகாரிகள் வந்தார்கள். அணியில் இருந்த வார்டு உறுப்பினர்கள் முன்னாள் ஆனார்கள். நிற்க நினைத்த நாங்கள் நினைப்போடு நின்றோம். இந்த மாதிரி நேரத்தில் ஒரு பழைய மாணவியர் குழு செத்துப்போவதுதான் இயல்பு. எங்களுடையதும் கிட்டத்தட்டச் செத்தது.

அறக்கட்டளை ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியிருந்தது. எல்லா அணிகளும் அதற்குள். காலை வணக்கம் ரோஜாப்பூ, ராசிபலன், கட்சிக்காரர் பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு எதிர்க்கட்சிக்காரர் கோபம். பிறகு அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று பூட்டினார்கள். பூட்டியபின் வந்ததெல்லாம் அறக்கட்டளையின் நிகழ்ச்சிப் படங்களும், "அடுத்த அணிக்கு ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள்" என்ற வேண்டுகோளும்தான். சீட்டுக் கம்பெனி ஏஜென்ட் மாதிரி ஆகிவிட்டது எங்கள் பிழைப்பு. மதுரையில் ஒரு ஹோட்டலில் முன்னாள் மாணவியர் சந்திப்பு என்று கூப்பிட்டார்கள். ஏசி அறை, நல்ல பிரியாணி, மேடையில் நாலு பேர் பேசினார்கள். நாங்கள் கேட்டுவிட்டு வந்தோம். பேச வேண்டியவர்கள் யார், கேட்க வேண்டியவர்கள் யார் என்பதே அவர்களுக்குக் குழப்பம்.

உயிர் வந்தது வேறு வழியில். நத்தம் பக்கத்து அக்கா ஒருவர் தனியாக எனக்குப் போன் செய்தார். அவர்கள் குடியிருப்பிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை முள் மூடிக்கிடந்தது. மழைக்காலத்தில் பாடை தூக்குகிறவர்கள் வழுக்கி விழுந்தார்கள். மே 1 கிராம சபையில் பேச வேண்டும், மனு எழுதிக்கொடு என்றார். மனு மட்டும் போதாதே என்று ஓய்வுபெற்ற அதிகாரிக்குப் போன் போட்டோம். "இ-கிராம் ஸ்வராஜ் தளத்துல உங்க ஊராட்சித் திட்டம் இருக்கும், முதல்ல அதை எடுங்க" என்றார். என் கடையில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, எடுத்தோம். எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வரிவரியாக இருந்தது. பிரிண்ட் போட்டு மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டேன். மத்திய அரசு அப்போது கொடுத்த பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டுப்பட்டது, பாதைக்கு அதில் கைவைக்க முடியாது. மீதி 40-ஐக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் நூறு நாள் வேலையில் கேட்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். இந்த வித்தியாசம் தெரியாமல் போய்க் கேட்டிருந்தால், "அந்த நிதியில விதி இடம் கொடுக்காதும்மா" என்ற ஒரே வரியில் உட்கார வைத்திருப்பார்கள்.

கூட்டத்துக்கு நாலைந்து பேர் துணைக்குப் போனோம். வேறு ஊராட்சிக்காரர்கள் என்பதால் நாங்கள் பேசவில்லை, ஓரமாக நின்றோம். அக்கா 110-ம் பிரிவைச் சொல்லி மனுவைச் சத்தமாகப் படித்தார். அலுவலர் முதலில் சரிதான் பார்க்கலாம் என்றார். தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவோம் என்று அக்காவின் தெருப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு, முக்கியம், அது எல்லோருக்கும் மறந்துபோகிறது: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. அந்தப் பெண்கள் கையெழுத்துப் போடாவிட்டால் அன்றைக்கு எண்ணிக்கை தேறாது. எழுதினார்கள், வாசித்தார்கள். பிறகு தீர்மான நகல் கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போட்டு வைத்தோம். பாதை இன்னும் சிமென்ட் ஆகவில்லை. முள்ளை வெட்டி கிராவல் அடித்திருக்கிறார்கள். நடக்க முடிகிறது.

அதற்கப்புறம் நாங்களே எங்கள் பக்கத்து ஒன்றியங்களுக்கு மட்டும் தனிக் குழு தொடங்கினோம். விதி இரண்டுதான். ரோஜாப்பூ கூடாது. காகிதம் இல்லாத புகார் கூடாது. கிராம சபை வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாலாக இருந்தது, 2022-லிருந்து உலகத் தண்ணீர் நாளையும் உள்ளாட்சி நாளையும் சேர்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முந்தைய வாரம் கடை மூடியபின் என் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருகிறோம். யார் ஊரில் என்ன கேட்பது, எந்த நிதியில் கேட்பது, போன தீர்மானம் என்ன ஆனது, படிவம் 30-ல் உள்ள ஊராட்சி வரவு செலவுக் கணக்கைக் கூட்டத்தில் வாசித்தார்களா. டீ ஆளுக்கொரு தடவை.

எங்களோடு படித்த மாற்றுத்திறனாளித் தங்கை ஒருத்தி இருக்கிறாள். வகுப்பில் வாயே திறக்காதவள். 2025 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் உறுப்பினராக நியமிக்கச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியதே, அதிலிருந்து அவள் அரசாணை ஒன்றைக்கூட விடுவதில்லை. எங்களுக்கு எதாவது சந்தேகம் வந்தால் ஓய்வுபெற்ற அதிகாரிக்கு முன்னால் இப்போது அவளைத்தான் கேட்கிறோம். நியமனத்துக்கு விண்ணப்பம் எப்போது வாங்குவார்கள் என்று காத்திருக்கிறாள். மாதிரிப் படிவம் தயாரித்து என் பென்டிரைவில் வைத்திருக்கிறாள்.

இதில் அறக்கட்டளையின் பங்கு என்ன? நியாயமாகச் சொன்னால், ஆட்களை ஒரே அறையில் உட்கார வைத்தது அவர்கள். அது இல்லாவிட்டால் நத்தத்து அக்காவை எனக்குத் தெரிந்திருக்காது. ஓய்வுபெற்ற அதிகாரி இன்றைக்கும் போன் எடுப்பதற்கு அவர் மனசுதான் காரணம் என்றாலும், அறிமுகம் அவர்களுடையது. எப்போதாவது எல்லா ஒன்றியத்தாரும் கூட வேண்டுமென்றால் அரங்கத்தை வாடகையில்லாமல் தருகிறார்கள். அடுத்த அணிக்கு உதவப் போகிறவர்களுக்கு பஸ் கட்டணம் தருகிறார்கள், கேட்டால்.

ஆனால் அந்தச் சுடுகாட்டுப் பாதை அவர்கள் ஆண்டறிக்கையிலும் ஃபிளக்ஸிலும் வந்துவிட்டது. எங்கள் மாணவி சாதித்தார் என்று அக்காவின் படத்தோடு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் அவருக்கு அது எவ்வளவு தொல்லை கொடுத்தது என்பது ஏசி அறையில் உட்கார்ந்து அறிக்கை தயாரிக்கிறவர்களுக்குத் தெரியாது. "வெளியூர் ஆளுங்க பணம் கொடுத்துத்தான் இவ பேசுறா" என்று டீக்கடையில் பேச்சானது. நாங்கள் போய்ச் சண்டை போட்ட பிறகு ஃபிளக்ஸைக் கழற்றினார்கள். ஆண்டறிக்கையில் அப்படியேதான் இருக்கிறது. ஐந்தில் ஒன்றை நான் குறைத்தது இதற்குத்தான்.

சேர நினைப்பவர்கள் பாடத்திட்டத்தைக் கேட்காதீர்கள், எல்லோரும் ஒரே மாதிரித்தான் அச்சடித்திருப்பார்கள். போன அணியில் படித்த இரண்டு பேர் போன் நம்பர் கேளுங்கள். அவர்களிடம், கடைசியாக நடந்த கிராம சபையில் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று விசாரியுங்கள். தடுமாறினால் மூவாயிரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரப்போகிறதே, எம்.எல்.ஏ. சீட்டுக்கு இது ஏணி என்று நினைத்தும் சிலர் சேருகிறார்கள். அதற்கு இது உதவாது. கட்சியில் வேலை பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, செக் புத்தகம் என்று பேசப் பொறுமை இருப்பவர்களுக்குத்தான் இது.

இப்போதைக்கு எங்கள் குழுவில் ஓடும் பெரிய விவகாரம் வேறு. ஒரே ஊராட்சியைச் சேர்ந்த இரண்டு பேர், ஒரே அணியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் படித்தவர்கள், தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறார்கள். இருவரும் கெட்டிக்காரிகள். இருவருக்கும் 205 வரை மனப்பாடம். குழு யாருக்கு வேலை பார்ப்பது என்று பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடுகிறது. அறக்கட்டளைக்காரர்களிடம் கேட்டோம், சமரசமாகப் போங்கள், ஒருவர் விட்டுக்கொடுங்கள் என்றார்கள். எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? பெண்கள் தேர்தலில் நிற்க வேண்டும் என்றுதானே இவ்வளவும். நான் யாருக்கும் வேலை பார்ப்பதாக இல்லை. தேர்தல் அறிவிப்பு வந்தால் இருவரும் வேட்புமனு நிரப்ப என் கடைக்குத்தான் வருவார்கள். பிழையில்லாமல் நிரப்பிக் கொடுப்பேன். இருவரிடமும் ஜெராக்ஸுக்குக் காசு வாங்கிவிடுவேன்.